மேலே என்ன இருக்கு?

எங்கே போகிறோம் என்பதைப் பற்றி அலட்டிக்கொள்ளாமல், எங்கே உட்காரப்போகிறோம் என்பதற்காகவே பிறவி எடுத்த மனிதர் சித்தூரில் தெருவுக்கு ஒருவர் இருப்பார். கிரீம்ஸ்பேட்டையில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவரை எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுகிறோம். கரண்ட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனால் முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கேட்கமாட்டார். "பந்தி மாடியிலயா, கீழயா? கை கழுவுற இடம் எந்தப் பக்கம்?" என்பார். வள்ளுவர் 'இடனறிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்தார். அதில் முதலை வருகிறது, தேர் வருகிறது, நாவாய் வருகிறது, யானை வருகிறது. ஜன்னலோர சீட்டு வரவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் மாமா வந்தார்.

திருப்பதி பஸ்ஸில் அவர் எப்போதும் இடப்பக்கம். காரணம் கேட்டீர்களோ, பஸ் கிளம்பும்வரை விடமாட்டார். சித்தூரிலிருந்து திருப்பதி வடகிழக்கே இருக்கிறது. காலையில் போகும்போது வெயில் வலப்பக்கம் அடிக்கும். சாயங்காலம் திரும்பும்போது பஸ் தென்மேற்கே பார்த்து ஓடும், சூரியன் மேற்கே போயிருப்பான், அப்போதும் வெயில் வலப்பக்கம்தான். போகவும் இடது, வரவும் இடது. சந்திரகிரி தாண்டியதும் ஏழுமலையும் இடப்பக்க ஜன்னலில்தான் தரிசனம் தரும். "இது தெரியாம ஜனங்க வலப்பக்கம் உட்காந்து ஸ்கிரீனை இழுத்துக்கிட்டு கீறாங்க" என்று அவர் சொல்லும்போது, ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பரீட்சையில் தோற்றுவிட்ட வாத்தியாரின் துக்கம் முகத்தில் தெரியும்.

மலைப்பாதை இன்னொரு கணக்கு. ஏற 1974-ல் திறந்த இரண்டாவது பாதை, இறங்க 1944-ல் திறந்த பழைய பாதை. வயிற்றைக் கலக்குவது இறங்கும்போதுதான். பஸ்ஸின் கடைசி வரிசையில் சின்னப் பிள்ளையை உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதை அலிபிரி வருவதற்குள் அந்த வரிசை முழுக்கத் தெரிந்துகொள்ளும். எலுமிச்சம்பழம் மூக்கருகே, பிளாஸ்டிக் கவர் மடியில், பக்கத்து சீட்டுக்காரர் பாதி எழுந்த நிலையில். மாமா எப்போதும் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், கண்ணை வெளியே வைத்தபடி அமர்ந்திருப்பார். கண் 'நகரவில்லை' என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'சுழல்கிறோம்' என்கிறது, இரண்டும் சண்டை போடுவதால் வயிறு பதில் சொல்கிறது. உட்காருமிடத்தைப் பற்றி மாமா சொல்வதில் பாதி பிடிவாதம் என்றாலும் இது மட்டும் சுத்தமான விஞ்ஞானம்.

ரயில் என்றால் ஸ்லீப்பரில் 33 அல்லது 36. இரண்டும் லோயர் பெர்த், பெட்டியின் நடுவாந்திரம், இரண்டு பக்கக் கழிவறைக்கும் தூரம், சக்கரத்துக்கும் தூரம். டிக்கெட் போடும்போது 'ஆட்டோ அப்கிரேட்' என்று ஒரு கட்டம் வருமே, காலி இருந்தால் கூடுதல் காசில்லாமல் ஏசிக்கு மாற்றுவார்களே, அதில் டிக் இருந்தால் மாமாவுக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். ஒருமுறை மருமகன் ஆசையாக டிக் போட்டுவிட்டான். ஏசிக்கு மாறியது, மேல் பெர்த் கிடைத்தது. அந்த மருமகனோடு அவர் சங்கராந்திவரை சரியாகப் பேசவில்லை.

இப்படிப்பட்டவரை வெளிநாட்டில் இருக்கும் மகன் கப்பலில் அனுப்ப ஆசைப்பட்டான். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்ப்ரஸ்' என்ற சொகுசுக் கப்பலை முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பினார் அல்லவா, அது. அதன் பயணங்களில் ஒன்று, இரண்டு ராத்திரி நடுக்கடல்வரை போய் சென்னைக்கே திரும்பிவிடுவது. எந்த ஊரும் கிடையாது, எந்தக் கோயிலும் கிடையாது. போய்ச்சேரும் இடமே இல்லாத பயணம், உட்காரும் இடம் மட்டும்தான் உண்டு. மாமாவுக்கென்றே எவனோ யோசித்த மாதிரி இருந்தது. "ரூம் எதுன்னு நீங்களே பார்த்துக்குங்க நைனா" என்று மகன் போனில் சொன்னதுதான் தாமதம், கப்பலின் தளவரைபடம் ஜெராக்ஸ் கடையில் பெரிய தாளில் பிரிண்டாகி, சாப்பாட்டு மேசையில் விரிக்கப்பட்டு, அத்தை சமையலறைத் திண்ணையில் சாப்பிட ஆரம்பித்தாள்.

முதல் ஆராய்ச்சி, கப்பலின் ஜாதகம். 1990-ல் பிரான்சில் கட்டியது, அன்றைய பெயர் நார்டிக் எம்ப்ரஸ், அந்தக் காலத்துக் கப்பல் என்பதால் பால்கனி அறைகள் குறைவு. "பழைய வண்டிதான். ஆனா அப்போ பாடி கெட்டியா கட்டுவாங்க."

இரண்டாவது ஆராய்ச்சியில் அவருக்கு ஞானம் பிறந்தது. கப்பலும் மலைப்பாதை பஸ்ஸும் ஒன்றுதான். அலையில் மூக்கும் வாலும் ஏறி இறங்கும், நடுவில் ஆட்டம் குறைவு. மேலே போகப் போக அசைவு அதிகம், கீழே வர வரக் குறைவு. ஆக, நல்ல இடம் என்பது நடுவில், கீழ்த்தளத்தில். ஆனால் கப்பல்காரன் அதிகக் காசு கேட்பதோ மேல் தளத்து அறைகளுக்கு. ஜன்னலே இல்லாத, கீழ்த்தளத்து உள்ளறைதான் எல்லாவற்றிலும் மலிவு. "காசு குடுக்கக் குடுக்க வாந்தி!" என்று மாமா மேசையைத் தட்டினார். பணக்காரனைவிடத் தான் வசதியாகத் தூங்கப்போகிறோம் என்பதில் அவருக்கு வந்த சந்தோஷம், அந்தக் கப்பலையே வாங்கியிருந்தாலும் வந்திருக்காது.

நடுவும் கீழும் மட்டும் போதாதாம். தலைக்கு மேலே என்ன, காலுக்குக் கீழே என்ன என்று பார்க்கவேண்டும். மேலே நீச்சல்குளத் தளம் வந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம். கீழே நடன அரங்கம் வந்தால் நள்ளிரவுவரை தரை அதிரும். மூக்குப்பக்கம் நங்கூரச் சங்கிலி, வால்பக்கம் எஞ்சின் நடுக்கம். லிஃப்ட் பக்கத்தில் ராத்திரி முழுக்கப் பேச்சு. பக்கத்து அறையோடு சேர்க்கும் இடைக்கதவு இருந்தால் அவர்கள் குடும்பச் சண்டை நம் குடும்பச் சண்டையாகிவிடும். சில அறைகளில் ஜன்னல் இருக்கும், ஜன்னலில் கடல் இருக்காது, உயிர்காப்புப் படகின் முதுகுதான் இருக்கும். எல்லாவற்றையும்விட மாமாவைப் படுத்தியது வரைபடத்தில் பெயர் எழுதாமல் விட்டிருந்த வெள்ளைக் கட்டங்கள். "இன்னான்னு சொல்லாம விட்டிருக்கான்னா இன்னா அர்த்தம்? பாத்திரம் கழுவுற ரூமா இருக்கும்." அவர் சந்தேகம் நியாயமானதே. சிப்பந்திகள் வண்டி தள்ளும் வழியும் சாமான் அறையும் அப்படித்தான் வெள்ளையாகக் கிடக்கும்.

முன்பெல்லாம் இந்தத் தொல்லை இருந்ததில்லை. 1926-ல் கட்டிய ரஜுலா கப்பலில் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறி பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன நம் ஜனங்களில் பெரும்பாலோர் டெக் பாசஞ்சர்கள். பாயை விரித்த இடம் அறை. மாமா அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் நாகப்பட்டினத்திலேயே பாயும் கையுமாக ஒரு வாரம் முன்னால் போய் நின்றிருப்பார்.

அறையைப் பதிவு செய்யத் திருப்பதியில் ஒரு டிராவல் ஆபீஸ். நானும் போயிருந்தேன். முக்கியமான விசாரணைகளை மாமா தெலுங்கில்தான் நடத்துவார். அன்றைய விசாரணை, அறைக்கு மேலே என்ன இருக்கிறது என்பது.

"ஏம்மா, ஈ ரூமுக்கு பைன ஏமுந்தி?"

அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "இன்னொரு ரூம் சார்."

"தானிக்கி பைன?"

"இன்னொரு ரூம்."

"தானிக்கி பைன?"

"ஆகாசம் சார்" என்று அவள் தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுவாக முடித்துவிட்டாள்.

வாஸ்துவில்தான் மாமா கொஞ்சம் தடுமாறினார். வடக்கே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். போகும்போது தெற்கே இருந்த தலைமாடு, கப்பல் திரும்பியதும் வடக்கே ஆகிவிடுமே! ஈசானிய மூலை என்று ஒன்றைப் பிடித்து நிறுத்தினால் அது ராத்திரியில் குபேர மூலைக்கு நடந்துபோய்விடும். செல்போனில் திசைகாட்டி இறக்கி வைத்துக்கொண்டார். "கப்பல் திரும்பினா நானும் எழுந்து திரும்பிப் படுக்கணுமா?" என்று அத்தை கேட்டாள். மாமா பதில் சொல்லவில்லை. யோசித்துக்கொண்டிருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

ஒருவழியாக நடுவில், கீழே, மேலும் கீழும் அறைகளே உள்ள ஓர் உள்ளறை முடிவாயிற்று. 'நல்ல அறை காலியானால் மாற்றித் தரலாமா' என்ற கேள்விக்கு, வேண்டாம் என்று எழுதி அடியில் கோடும் போட்டார்.

மாமாவும் அத்தையும் போன நாட்களில் கடலில் ஆட்டமே இல்லையாம். எந்த அறையும் ஆடவில்லை, பால்கனிக்காரனும் வாந்தி எடுக்கவில்லை. இது மாமாவுக்குப் பெரிய ஏமாற்றம். முதல் நாள் முழுக்கச் சாப்பாட்டு மேசைகளில் அறிமுகமானவர்களிடம் அறை எண் கேட்டு, "ஐயோ, அதுவா?" என்று அனுதாபம் தெரிவித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆம்பூர்க்காரர் ஒருவர் பயந்துபோய் வரவேற்பு மேசையில் அறை மாற்றக் கேட்டாராம்.

இரண்டாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு மேல்தளம் போனவர், தன் வாழ்க்கையின் மிகப் பெரிய காட்சியைக் கண்டார். நீச்சல்குளத்தைச் சுற்றிச் சாய்வு நாற்காலிகள். ஆள் ஒருவரும் இல்லை. ஆனால் பாதி நாற்காலிகளில் துண்டு! பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கும் நம் பஸ் ஸ்டாண்டு தர்மம், உலகத்துக் கப்பல்களிலெல்லாம் இப்படித்தான் நடக்கிறது. துண்டு மட்டும் கிடந்து ஆள் வராவிட்டால் எடுத்துவிடும் வழக்கமும் சில கப்பல்களில் உண்டு என்று மாமா எங்கோ படித்திருந்தார். அதனால் துண்டை நம்பவில்லை. நிழல், காற்று, டீ வரும் வழி எல்லாம் கணக்குப் போட்டு, நடுவில் ஒன்றைத் தேர்ந்து, தானே படுத்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும் தெருவே கூடிக் கேட்டது. மாமா வரைபடத்தை எடுக்க உள்ளே போன இடைவெளியில் அத்தையிடம் கேட்டோம், ரூம் எப்படி என்று.

"ரொம்ப நல்ல ரூம். சத்தம் இல்ல, ஆட்டம் இல்ல, நல்லா கால் நீட்டித் தூங்கினேன்" என்றாள் அத்தை. "அவருக்குத்தான் ரெண்டாம் ராத்திரி அது எப்படி இருந்துச்சுன்னே தெரியாது. மேல நாற்காலியை விட்டா வேற யாராவது உட்காந்துடுவாங்கன்னு கீழ இறங்கவே இல்ல."