இது யார் பாடினது? திண்டுக்கல் டீக்கடைகளில் மலேசியா வாசுதேவன் வழக்கு: ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்: திண்டுக்கல் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில், மாலை ஆறு மணிக்கு மேல், ஒரு பழைய பாட்டு காதில் விழுந்த மாத்திரத்தில் எழும் ‘இது யார் பாடினது?’ என்னும் வினாவும், அவ்வினாவால் ஆறிப்போகும் டீயும்.

களத்தின் இயல்பை முதலில் கூறுதல் மரபு. இவ்வூருக்கு வரும் வெளியூர்க்காரர் வாய்தவறியும் பேசக் கூடாத பேச்சு இரண்டு. எந்தக் கடை பிரியாணி ஒரிஜினல் என்பது ஒன்று. மலேசியா வாசுதேவன் பாட்டைக் கேட்டுவிட்டு, ‘பாலு பாலுதான்யா’ என்று எஸ்.பி. பாலசுப்ரமணியத்தை நினைத்துத் தலையாட்டுவது மற்றொன்று. முன்னதற்குச் சீரகச் சம்பாவின் பேரால் சமாதானம் செய்துகொள்ளலாம். பின்னதற்குச் சமாதானம் கிடையாது. பாட்டை முன்வைத்து வாதாடுவது இங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்த ஒன்று. பழைய பாட்டா, புதுப் பாட்டா என்று பட்டிமன்றம் கூட்டி, அதைக் கேசட்டாக்கி, ஊர்ப் பெயரையும் தம் பெயரோடு ஒட்டித் தமிழ்நாடெங்கும் கொண்டுபோனவர் திண்டுக்கல் ஐ. லியோனி. அவருக்கு மேடை இருந்தது, நடுவர் நாற்காலி இருந்தது, தீர்ப்பும் இருந்தது. யாம் ஆராயும் சபையில் பெஞ்சு மட்டுமே உண்டு.

வழக்குக்கு உரியவர் யார் எனின், கூறுதும். ‘நம்ம மண்ணுக் குரல்யா இது’ என்று நாகல் நகர்ப் பூட்டுப் பட்டறைக்காரர் நெஞ்சைத் தட்டிச் சொல்லும் அந்தக் குரல், 1944இல் மலேசியாவில் பிறந்தது. பாலக்காட்டுப் பக்கமிருந்து போன மலையாளக் குடும்பம். சினிமா ஆசையில் சென்னைக்கு வந்தவர், பண்ணைப்புரத்துப் பாவலர் சகோதரர்களோடு மேடைகளில் பாடினார். ஆடு, மாடு, வண்டி, வரப்பு எதுவானாலும் தமிழ்ப் படத்தில் அவர் வாய்வழி வந்தால்தான் மெய்யாகத் தோன்றியது. மண்வாசனைக்கும் மண்ணுக்கும் தொடர்பில்லை என்பது இதனால் பெறப்படும். பட்டறைக்காரரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். “மாமரம் எங்க மொளைச்சா என்ன மாப்ள, காய் புளிக்குதா பாரு” என்றார். மாங்காய்ப் பூட்டு செய்கிறவர். உவமை அவருக்குக் கைவசம் இருக்கிறது.

அவர் பெயர் ஊருக்குத் தெரிந்தது 16 வயதினிலே படத்தில். ஆட்டுக்குட்டிப் பாட்டைப் பாட வேண்டிய எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, டிராக் பாட அழைத்த வாசுதேவனின் குரலே படத்தில் நிலைத்துவிட்டது என்பது திரையுலகில் பலரும் சொன்ன செய்தி. டிராக் என்பது, பெரிய பாடகர் வரும்வரை வேறொருவர் பாடிவைப்பது. பந்திக்கு முன் போடும் இலை மாதிரி, இடம் பிடிப்பதற்காக. அந்த இலையிலேயே கல்யாணச் சாப்பாடு விழுந்துவிட்டது. டீக்கடை வழக்குகள் அனைத்துக்கும் மூலம் இந்தத் தொண்டைக் கட்டுதான் என்பது எம் துணிபு. அன்று பாலு ஒரு மிளகுக் கஷாயம் குடித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

இன்னொன்றும் நோக்குக. 16 வயதினிலே வெளிவந்த நாள் 1977 செப்டம்பர் 15. மதுரையிலிருந்து திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்த நாள் 1985 செப்டம்பர் 15. அண்ணா பிறந்த நாள் என்பதால் வந்த ஒற்றுமை என்பாரும் உளர். அது மேலோட்டமான பார்வை. ஆட்டுக்குட்டிப் பாட்டு எட்டாண்டு நிறைந்ததைக் கொண்டாடவே மாவட்டம் பிரிந்தது என்பதே பொருந்தும். இதற்கு அரண் செய்வது, முதல் மரியாதை அதே 1985இல் ஆகஸ்ட் 15 அன்று, சரியாக ஒரு மாதம் முன்னே வந்தது. டி.எம். சௌந்தரராஜன் குரலிலேயே சிவாஜியைக் கேட்டுப் பழகிய காதுகள் வாசுதேவன் குரலில் சிவாஜியைக் கேட்டு அதிர்ந்தன. படத்துக்கு டிக்கெட் எடுத்தபோது மதுரை மாவட்டத்தாராக இருந்தவர்கள், பாட்டுப் புத்தகத்தை மனப்பாடம் செய்து முடிக்கும்போது திண்டுக்கல் மாவட்டத்தார் ஆகியிருந்தனர். மறுப்போர் அரசாணை காட்டுக.

இனி அளவை. காண்டல், கருதல், உரை என மூன்று என்பர் தமிழ்த் தருக்க நூலார். டீக்கடையாரும் இம்மூன்றையே கையாள்கின்றனர், நூல் படிக்காமலேயே.

காண்டலாவது, திரையில் யார் வாய் அசைத்தார் என்பதை வைத்துப் பாடியவரைத் துணிதல். ரஜினி என்றால் பாலு என்பது இதன் சூத்திரம். இது 1980இல் முரட்டுக்காளை வந்த அன்றே முறிந்திருக்க வேண்டும். அதில் காளையோடு ரஜினி பாடும் பாட்டு வாசுதேவனுடையது. படிக்காதவன் (1985) இன்னும் மோசம். ஒரே படத்தில் மலேசியா, பாலு, யேசுதாஸ் என மூன்று குரல். இப்படத்தைப் பற்றிய விவாதம் ஒருமுறை ஒட்டன்சத்திரம் கடைசி பஸ்ஸைத் தவறவிட வைத்தது. தவறவிட்டவன் யான்.

கருதலாவது, பாட்டின் சாயலைக் கொண்டு ஊகித்தல். கிராமம் என்றால் மலேசியா, காலேஜ் என்றால் பாலு, சோகம் என்றால் யேசுதாஸ். சூத்திரம் அழகாகத்தான் இருக்கிறது. பன்னீர் புஷ்பங்கள் (1981) வந்து அதை உடைக்கிறது: ஊட்டிப் பள்ளிக்கூடக் கதை, பேண்ட் போட்ட பையன்கள், பாடுவது வாசுதேவன். அந்தப் பாட்டு ‘கோடை’ என்று தொடங்குவதால், அது கொடைக்கானல் காற்றைப் பற்றியது என்றும், ஆகவே நம் மாவட்டத்துக்குரியது என்றும் வாதிடும் ஒரு பிரிவார் உளர். கோடைப் பண்பலை 100.5இல் கேட்டதை இதற்குச் சான்றாகக் காட்டுவர். யாம் மறுக்கவில்லை. மாவட்டத்துக்கு வருவதை ஏன் தடுப்பானேன்?

உரையாவது, ஆன்றோர் வாக்கு. இங்கே ஆன்றோர் என்பது இலங்கை வானொலி. கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் அறிவித்த காலத்தில் படம், இசை, பாடியவர், எழுதியவர் எல்லாம் காற்றில் வந்து வீட்டு வாசலில் இறங்கின. அதைக் காதாரக் கேட்ட தாய்மாமன் ஒருவர் வாதி, பிரதிவாதி இருதரப்புக்கும் இருப்பார். இருவரும் ஒரே நிலையத்தைக் கேட்டு வேறு வேறு பெயரை நினைவில் வைத்திருப்பார்கள். அதற்கு மேல் பேசினால் அது பாட்டைப் பற்றியதாக இராது, தாய்மாமனைப் பற்றியதாகிவிடும்.

பாடியவர் பெயருக்காவது கேசட் அட்டை உண்டு. வாசித்தவர் பெயர் எந்த அட்டையில் இருந்தது? இளையராஜாவின் குழுவில் கிட்டார் சதானந்தம், டிரம்ஸ் புருஷோத்தமன், கீபோர்டு விஜி மேனுவல், பேஸ் சசிதரன், வயலின் வி.எஸ். நரசிம்மன் என்று இன்று எல்லாரும் ஒப்பிக்கிறார்கள். எந்தப் பாட்டில் யார் என்பதுதான் இருட்டு. ஆகவே டீக்கடை ஒரு சுருக்குவழி கண்டது: எந்தக் குழலும் நெப்போலியன். அவர்தான் பின்னர் அருண்மொழி என்ற பெயரில் பாடியவர். நடிகர் நெப்போலியன் வேறு என்று புதியவருக்கு விளக்க ஒரு டீ செலவாகிறது.

ஆய்வாளன் தன்னைப் பற்றிப் பேசக் கூடாது என்பது விதி. ஆயினும் ஒரு தரவு என்னிடம்தான் இருக்கிறது. பள்ளிக்கூட நாளில் ஒரு ரெக்கார்டிங் கடையில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, 60 நிமிஷக் கேசட் பதிந்தேன். பக்கத்துக்கு முப்பது நிமிஷம். நாலரை நிமிஷப் பாட்டு ஆறு முழுசாகப் பிடிக்கும். மிச்சம் மூன்று நிமிஷம். அதை வெறுமனே விட மனம் வராமல் ஏழாவதாக ஒரு பாட்டை ஏற்றிவிட்டார் கடைக்காரர். முதல் சரணம் முடிந்து, இரண்டாவது இன்டர்லூடில் குழல் மூச்சை இழுக்கும் இடத்தில் ‘டக்’. பதினைந்து வருஷம் அந்தப் பாட்டு அங்கேதான் முடிகிறது என்று நம்பினேன். பிறகு ஒருநாள் வேடசந்தூர் போகும் பஸ்ஸில் முழுப் பாட்டையும் கேட்டபோது, யாரோ இடைச்செருகல் செய்துவிட்டார்கள் என்றே தோன்றியது. இன்றும் அந்த இடம் வரும்போது என் காது ‘டக்’கை எதிர்பார்க்கிறது.

அந்தக் கடைக்காரரின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பாடியவர் பெயர் தெரியாத இடத்திலெல்லாம் ‘எஸ்.பி.பி.’ என்று போட்டுவிடுவார். ‘பாலு பாலுதான்’ கட்சியின் வேதம் இந்த அட்டைகளே. பாடபேதம் என்று ஓலைச்சுவடிக்காரர்கள் அலட்டிக்கொள்வது இதற்கு முன் ஒன்றுமில்லை.

செல்போன் வந்ததும் வழக்கு முடிந்திருக்க வேண்டுமே எனின், அற்றன்று. போன மாதம் ஒரு பையன் தட்டிப் பார்த்துச் சொன்னான்.

“பாடினவர் பேரு இளையராஜான்னு போட்டிருக்குண்ணே.”

“அவரு இசைடா. பாடினது?”

“ஆர்ட்டிஸ்ட்னு அவர் பேருதான் இருக்கு.”

“மாப்ள, ரெக்கார்டிங் கடைக்காரர் மேல போட்ட பழிய வாபஸ் வாங்கிக்க” என்றார் பட்டறைக்காரர் என்னைப் பார்த்து. பையனுக்கு யாரும் டீ சொல்லவில்லை.

2011 பிப்ரவரி 20 அன்று வாசுதேவன் இறந்த செய்தி வந்தது. அன்று மாலை கடையில் பாட்டு ஓடியது. யார் பாடினது என்று ஒருவரும் கேட்கவில்லை. எமது தரவில் வழக்கில்லாத ஒரே மாலை அது.

முடிவாக, சபை நெறி ஒன்று உண்டு: தோற்றவர் டீக்குக் காசு கொடுக்க வேண்டும். இதுவரை தோற்றவர் எவருமில்லை. டீ மாஸ்டரின் நோட்டில் பெயரில்லாத ஒரு பக்கத்தில் பாக்கி 340 ரூபாய் நிற்கிறது. வாசகருள் தோற்கச் சம்மதிப்போர் யாரேனும் இருப்பின், மாலை ஆறு மணிக்கு மேல் வருக. சில்லறையாகக் கொண்டுவருக.