கைலிக்குத் தேவை ஒரு நீதிபதி

ஸ்காட்லாந்து ஆடவர் இடையில் சுற்றும், மடிப்பு வைத்த கட்டம் போட்ட கம்பளி ஆடையான கில்ட்டை, 1746ஆம் ஆண்டுச் சட்டம் படைவீரர் நீங்கலான ஆடவருக்குத் தடைசெய்து, 1782இல் அத்தடை நீங்கிய பின் அது மெல்லக் கல்யாண உடுப்பாக உயர்ந்துவிட்டதால், சாதாரண நாளில் அதை உடுத்துவதற்கு இன்று அங்கே சாக்குத் தேட வேண்டியுள்ளது. புதுச்சேரியைச் சேர்ந்த திருபுவனையின் சிக்கல் நேர்மாறானது: இரு முனைகளையும் மூட்டித் தைத்த கைலி டீக்கடை, ரேஷன் கடை, வயல் வரப்பு என எங்கும் செல்லுபடியாகும், மடித்துக் கட்டியிருந்தாலும், பெரியவர் எதிரே வந்தால் தானாகக் கணுக்காலுக்கு இறங்கிவிடும். பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற உள்ளாட்சி அமைப்பான கொம்யூன் அலுவலகத்துக்கோ வங்கிக்கோ புறப்படும்போது மட்டும் கைலி கொடியில் ஏற, பேன்ட் கொடியிலிருந்து இறங்கும். வேட்டிக்கோ வழி பிறந்தது: வேட்டி கட்டிவந்த உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனைச் சென்னையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க மன்றம் 2014இல் வாசலிலேயே திருப்பியனுப்பியதும், தமிழகச் சட்டமன்றம் அதே ஆண்டில் வேட்டிக்கு வழிவிடும் சட்டத்தை இயற்றியது. அச்சட்டம் புதுச்சேரி எல்லையைத் தாண்டாது என்பதோடு, கைலி கட்டியதற்காகத் திருப்பியனுப்பப்படும் நீதிபதி ஒருவர் வாய்க்கும்வரை, கைலியின் குடியுரிமை டீக்கடை பெஞ்சு வரைதான்.