நின்ற இடத்தில் நூறு கிலோமீட்டர்

உலகைச் சுற்றி வந்தால் பழம் என்றதும் தம்பி மயிலேறிப் பறந்தான். அண்ணன் பிள்ளையார் அம்மையப்பனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்டார். நம் நாட்டில் மின்சார ஸ்கூட்டரின் ரேஞ்சை, அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தை, அளப்பதும் இந்தத் திருவிளையாடல் முறைப்படிதான். என்ன, பிள்ளையாராவது எழுந்து நடந்தார். சோதனை வண்டி அந்தச் சிரமமும் படாது.

ஏஐஎஸ் 040 என்று ஒரு விதி இருக்கிறது. அதன்படி வண்டியை உருளைமேல் ஏற்றி நிறுத்துவார்கள். சக்கரம் சுழலும், வண்டி நிற்கும். 'இந்தியன் டிரைவிங் சைக்கிள்' என்ற பெயரில் 108 நொடிக்கு ஒரு சுற்று. கோயிலில் 108 சுற்றினால் வேண்டுதல் பலிக்கும். இங்கே பேட்டரி தீரும்வரை இந்த 108 நொடியைத் திருப்பித் திருப்பிச் சுற்றினால் விளம்பரம் பலிக்கும். சுற்றின் சராசரி வேகம் மணிக்கு 22 கிலோமீட்டரைத் தொடாது. உச்ச வேகம் 42.

சோதனைக்கூடத்தில் வாழும் இந்த இந்தியனை நேரில் பார்க்க எனக்கு ஆசை. அவன் பின்சீட்டில் மனைவி உட்கார்ந்ததில்லை, முன்னால் பிள்ளை நின்றதில்லை. கால் வைக்கும் இடத்தில் கேஸ் சிலிண்டரோ தண்ணீர் கேனோ இருந்ததில்லை. எதிர்க்காற்று அவன் முகத்தில் அடித்ததில்லை, பள்ளம் அவன் முதுகை முறித்ததில்லை. சென்னை ஜிஎஸ்டி சாலையில் ஒருநாள் 22-இல் போய்ப் பார்க்கட்டும். பின்னால் வரும் லாரிக்காரர் வாழ்த்தி வழியனுப்புவார். அப்புறம் வருவது வேறொரு 108.

நாம் 60-இல் போகிறோம், அந்த 42-ஐப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வேகம் ஒன்றரை மடங்கானால் காற்று இழுக்கும் விசை இரண்டே கால் மடங்காகும். பள்ளிக்கூடப் பாடம்தான் இது; விளம்பரம் எழுதுகிறவரும் படித்துத்தான் தேறியிருப்பார். ஆனால் ஷோரூம் வாசலில் ஆளுயரத்துக்கு நிற்பது உருளை சொன்ன எண். நட்சத்திரக் குறி போட்டு, எறும்பு படிக்கும் அளவில் கீழே கிடப்பது உண்மை. சில நிறுவனங்கள் 'உண்மையான ரேஞ்ச்' என்று இன்னோர் எண்ணையும் தனியாக அச்சடிக்கின்றன. ரொம்ப நல்லது ஐயா. அப்படியானால் பெரிய எழுத்தில் போட்டிருப்பதற்கு என்ன பெயர்?

இந்த எண்ணுக்குப் பழம் கொடுத்ததும் நாம்தான். 2019-இல் வந்த மத்திய அரசின் ஃபேம் 2 திட்டத்தில் மானியம் பெற ஸ்கூட்டருக்குக் குறைந்தது 80 கிலோமீட்டர் ரேஞ்ச் வேண்டியிருந்தது. அதுவும் சோதனைக்கூடத்துக் கிலோமீட்டர்தான். பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் 10,000 ரூபாய். 2021 ஜூனில் அது 15,000 ஆனது. 2023 ஜூனில் மறுபடி 10,000. தொகையை ஏற்றவும் இறக்கவும் டெல்லிக்கு நேரமிருந்தது. அந்த 80-ஐ ஒரு தார்ச்சாலையில் ஓட்டிப் பார்க்கத்தான் நேரமில்லை.

பெட்ரோல் வண்டிக்காரர் சிரிக்க வேண்டாம், உங்கள் டேங்குக்குள்ளும் திருவிளையாடல் நடந்திருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலப்புக்கு முதலில் வைத்த இலக்கு 2030. அதை முன்னுக்கு இழுத்து 2025-இலேயே எட்டிவிட்டார்கள். எந்தப் பாலமும் இந்த நாட்டில் ஐந்து வருடம் முன்னதாக முடிந்து நான் பார்த்ததில்லை. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. இதற்கென்று செய்யப்படாத பழைய இருசக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று 2021-இல் எழுதி வைத்தது எதிர்க்கட்சி அல்ல, நிதி ஆயோக். அந்த இழப்பை ஈடுகட்ட வரிச்சலுகை தரலாம் என்றும் அதே அறிக்கை சொன்னது. கலப்பது மட்டும் நடந்தது. 2025-இலும் சென்னையில் லிட்டர் நூறு ரூபாய்க்குக் கீழே இறங்கவில்லை.

நாலு சதவீதம்தானே என்பீர்கள். சோறு டெலிவரி செய்யும் பையன் ஒருவன் நாளுக்கு நூறு கிலோமீட்டர் ஓடுகிறான் என்று வையுங்கள். லிட்டருக்கு ஐம்பது கொடுக்கும் வண்டியில் தினமும் ஒரு டம்ளர் காபி அளவுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகும். மாதத்துக்கு இரண்டு லிட்டர், இருநூறு ரூபாய். தாமதமாக வந்த சாம்பாருக்குக்கூட அவனிடம் கணக்குக் கேட்கிறோம். அவன் இந்த இருநூறுக்கு யாரிடம் போய்க் கணக்குக் கேட்பான்? சோதனைக்கூடத்து இந்தியனிடமா?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவர் பின்சீட்டில் ஏறட்டும். முன்னால் ஒரு சிலிண்டரை வைத்து, மே மாத மதியம் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுப் பக்கம் ஓட்டுவோம். சார்ஜ் தீர்ந்து எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்த எண்ணை மட்டும் பெரிதாக அச்சடிக்கட்டும். இறங்கித் தள்ளும் வேலையில் அவருக்கும் ஒரு கை உண்டு.

அதுவரை பழம் நின்றவருக்குத்தான். ஊர் சுற்றிய முருகனுக்குக் கோபித்துக்கொண்டு போய் நிற்க ஒரு மலையாவது கிடைத்தது. நமக்குக் கிடைத்திருப்பது மேம்பாலம். வண்டி சரியாக அதன் ஏற்றத்தில்தான் நிற்கும்.