பதுங்கியவனும் குறிபார்ப்பவனும்

2004-இல் கோனாமி வெளியிட்ட ‘மெட்டல் கியர் சாலிட் 3: ஸ்னேக் ஈட்டர்’ ஆட்டத்தின் நாயகனுக்குக் குனிந்து நடக்கத் தெரியாது. நிற்பான், ஓடுவான், குப்புறப் படுத்து ஊர்வான். குனிந்தால் குனிந்த இடத்திலேயே இருப்பான். 1964-இல் சோவியத் காட்டுக்குள் தனியாக இறக்கிவிடப்பட்ட உளவாளிக்கு இது பெரிய குறைதான். ஆனால் அன்று அது எங்களுக்குக் குறையாகவே படவில்லை. எழுந்து நின்றால் பார்த்துவிடுவார்கள், ஊர்ந்தால் நேரமாகும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆட்டம் முழுவதும் நடந்தது.

நான் அதை ஆடியது மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் கேம் சென்டர் ஒன்றில். பக்கத்து டிவிகளில் கிரிக்கெட்டும் மல்யுத்தமும் ஓடிக்கொண்டிருக்கும். என் திரையில் புல் மட்டும் அசையும். கடை அண்ணன் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, “என்னப்பா, ஹேங் ஆயிடுச்சா?” என்று கேட்டார். “இல்லண்ணா, அவன் திரும்பி நடக்கட்டும்னு காத்திருக்கேன்” என்றேன். கொடுத்த காசு கரைந்துகொண்டிருக்க, ஒரு சிப்பாய் முதுகைக் காட்டும்வரை மூச்சை அடக்கிக் காத்திருந்தது எனக்குப் புது அனுபவம். அதுவரை நான் ஆடிய எந்த ஆட்டமும் என்னைக் காத்திருக்கச் சொன்னதில்லை.

அந்தப் பொறுமை தானாக வந்ததல்ல. கேமரா தலைக்கு மேலிருந்து பார்க்கும். நமக்குத் தெரியும் வட்டத்தைவிடச் சிப்பாயின் பார்வை நீளம். திரையின் விளிம்புக்கு அப்பாலிருந்தே அவன் நம்மைக் கண்டுவிடுவான். தூரத்தைப் பார்க்க ஆர்1 பட்டனை அழுத்தி நாயகனின் கண்வழியே நோக்க வேண்டும். அப்படி நோக்கும்போது நடக்க முடியாது. ஆகவே நின்று பார்த்தோம், காதில் வாங்கினோம், மனதில் ஒரு வரைபடம் போட்டுக்கொண்டு ஊர்ந்தோம்.

இன்னொன்று, பிளேஸ்டேஷன் 2 கன்ட்ரோலரின் பட்டன்கள். எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அவற்றுக்குத் தெரியும். பின்னாலிருந்து ஒருவனைப் பிடித்து, வட்டப் பட்டனை மெல்ல அழுத்தி வைத்திருந்தால் அவன் பிடியில் இருப்பான். அதையே ஓங்கி அழுத்தினால் கழுத்து அறுபட்டுவிடும். ஓர் உயிர் போவதும் பிழைப்பதும் கட்டைவிரலின் அழுத்தத்தில் இருந்தது. இன்றைய கன்ட்ரோலர்களில் அந்தப் பட்டன்கள் இல்லை. எனக்கு இது உண்மையான இழப்பு.

குறையே ஆட்டமாவது இங்கே புதிதல்ல. ‘மெட்டல் கியர்’ தொடரின் பிறப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1987-இல் எம்எஸ்எக்ஸ்2 கணினிக்கு ஒரு போர் ஆட்டம் செய்யச் சொல்லிக் கோனாமியின் ஆட்ட வடிவமைப்பாளர் ஹிதேயோ கோஜிமாவிடம் கேட்டார்கள். அந்த இயந்திரத்தால் நிறைய எதிரிகளையும் தோட்டாக்களையும் ஒரே நேரத்தில் திரையில் காட்ட முடியாது. அப்படியானால் சண்டை போடாமல் தப்பிப்பதையே ஆட்டமாக்கிவிடலாம் என்று அவர் முடிவு செய்தார். கைவசம் இருந்த பலவீனத்திலிருந்துதான் பதுங்கல் பிறந்தது. அந்தப் பலவீனத்தைப் போக்கும்போது பதுங்கலும் கூடவே போய்விடும் ஆபத்து எப்போதும் உண்டு.

அது ஒருமுறை நடந்தும் இருக்கிறது. 1998-இல் வந்த முதல் ‘மெட்டல் கியர் சாலிட்’ ஆட்டத்தை 2004-இல் ‘தி ட்வின் ஸ்னேக்ஸ்’ என்ற பெயரில் கேம்கியூப்புக்குப் புதுப்பித்தார்கள். இரண்டாம் பாகத்திலிருந்து கண்வழிக் குறிபார்த்தலையும் மயக்க ஊசித் துப்பாக்கியையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். அறைகளும் தாழ்வாரங்களும் பெரும்பாலும் பழையபடியே இருந்தன. ரிவால்வர் ஓசிலாட்டுடனான சண்டையில் நடுவில் ஒரு பணயக்கைதியைக் கட்டிவைத்து, சுற்றிலும் வெடிமருந்துக் கம்பி இழுத்திருப்பார்கள். முதல் ஆட்டத்தில் அந்தச் சதுரத்தைச் சுற்றிச் சுற்றித் துரத்த வேண்டியிருந்தது. புதுப்பித்ததில் நின்ற இடத்திலிருந்தே குறுக்கே குறிவைத்துச் சுடலாம். வேறு கைக்காக அளந்து கட்டிய அறை அது. புதுக் கைக்கு அங்கே வேலையே இல்லாமல் போயிற்று.

2025 ஆகஸ்ட் 28 அன்று வெளியான ‘மெட்டல் கியர் சாலிட் டெல்டா: ஸ்னேக் ஈட்டர்’ ரீமேக்கை இந்தக் கவலையோடுதான் தொடங்கினேன். இதில் கோஜிமாவின் கை இல்லை, அவர் 2015-லேயே கோனாமியை விட்டுப் போய்விட்டார். அன்ரியல் எஞ்சின் 5-இல் எழும்பிய காடு கண்ணை நிறைக்கிறது. ஈர மண் உடம்பில் ஒட்டுகிறது, பட்ட காயங்களின் தழும்பு கடைசிவரை மறைவதில்லை. புதிய பாணியில் கேமரா தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது. நாயகன் குனிந்தபடி நடக்கிறான், நடந்துகொண்டே குறிபார்க்கிறான். பழைய பாணி வேண்டுவோர் தலைக்கு மேலிருந்தே ஆடலாம். நிலப்பகுதிகளோ 2004-இல் இருந்த அதே வரிசையில், அதே பிரிவுகளோடு இருக்கின்றன.

புதிய பாணியில் முதல் பகுதிகளைக் கடந்தபோது கை இனித்தது, மனம் வாடியது. எட்ட நிற்கும் சிப்பாயின் தலையில் மயக்க ஊசியை ஏற்றிவிட்டு நடந்தே போய்விட முடிகிறது. கைக்கு இவ்வளவு கொடுத்தவர்கள் சிப்பாய்களின் கண்ணுக்கும் காதுக்கும் அறிவுக்கும் அதே அளவு கொடுத்திருக்க வேண்டும். சண்டை முறையைப் புதுப்பிப்பது என்றால் அதில் எதிராளியும் சேர்த்திதானே.

ஒரே ஓர் இடம் பழைய கணக்கை விடாமல் வைத்திருக்கிறது. ‘தி சாரோ’ என்பவனின் நதி. நாம் கொன்றவர்கள் எல்லாரும், எந்தக் காயத்தால் செத்தார்களோ அதே காயத்தோடு எதிரே நடந்து வருவார்கள். யாரையும் கொல்லாதவனுக்கு அந்த நதி ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். கொல்வது எளிதாகிவிட்ட புதிய பாணியில் இந்த நதி முன்பைவிடக் கனக்கிறது என்பது என் எண்ணம்.

என் அக்கா மகன் அங்கே வந்து சேர்ந்தபோது கூட்டம் முடியவேயில்லை. “மாமா, இவங்க எல்லாரையும் நானா கொன்னேன்?” என்றான். மறுநாள் முதலிலிருந்து தொடங்கிவிட்டான், அதே புதிய பாணியில், யாரையும் கொல்லாமல்.

அவனைப் பக்கத்திலிருந்து பார்த்தபோது என் கருத்து கொஞ்சம் அசைந்தது. ‘தி எண்ட்’ என்ற முதிய குறிசுடுவோனுடனான சண்டையை நாங்கள் அந்தக் காலத்தில் கேம் சென்டர் நேரத்துக்குப் பயந்து, தூரத்திலிருந்தே சுட்டு முடித்தோம். இவன் சுடவில்லை. வெப்பக் கண்ணாடியில் அந்தக் கிழவனின் காலடித் தடத்தைத் தேடிப் பிடித்து, குனிந்த நடையில், கிளையை மிதிக்காமல் நெடுநேரம் பின்தொடர்ந்தான். முதுகுக்குப் பின்னால் போய்த் துப்பாக்கியை நீட்டி மடக்கினான். அப்படிச் செய்பவர்களுக்கு மட்டும் கிழவன் தரும் பாசி நிற மறைவு உடை ஒன்று உண்டு. வெயிலில் நின்றால் களைப்பைப் போக்கும் அந்த உடையை நான் ஒருநாளும் வாங்கியதில்லை. அவன் வாங்கிவிட்டான்.