பத்தே நிமிடத்தில் கலைக்களஞ்சியத்தில் இடம்பிடிப்பது எப்படி?

நேற்று ராத்திரி என் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

இணையக் கலைக்களஞ்சியத்தில் புதிதாக எழுத வருகிறவர்கள் யாரும் என்னைப்போல் அல்லாடக் கூடாது. கட்டுரையை ஏற்க வைக்கச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. பத்து நிமிடம்கூட ஆகாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வழியின் அருமை தெரியாது.

எங்கள் ஊர் ராமநாதபுரம். போகலூரில் இருந்த தலைநகரை இங்கே மாற்றிக்கொண்டு வந்த கிழவன் சேதுபதி, அரண்மனைக்குள் ராமலிங்க விலாசம் என்று ஒரு மண்டபம் கட்டினார். உள்ளே நுழைந்தால் சுவரிலும் விதானத்திலும் ஓவியம். அவருக்கு அடுத்து வந்து 1725 வரை ஆண்ட முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்து வேலை அது. ராமாயணம் இருக்கிறது, பாகவதம் இருக்கிறது, மன்னர் பொழுதுபோக்குவதும் இருக்கிறது. சேதுபதியைப் பார்க்க ஐரோப்பியர்கள் வந்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் தஞ்சாவூர் மராட்டியரோடு சண்டை நடக்கிறது, சண்டை போடுகிறவர்கள் கையில் துப்பாக்கி இருக்கிறது. துப்பாக்கியை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

என் மைத்துனன் சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருந்தபோது கூட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தின் நடுவில் நின்று நான் கையை நீட்டி நீட்டிக் காட்டுகிறேன். அவன் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனைத் தடவுகிறான். கடைசியில், “இதுல ஒண்ணும் போடலையே மச்சான்” என்றான். சொன்ன விதத்தைப் பார்த்தால் போன்மேல் அவனுக்குச் சந்தேகமே இல்லை. சுவர்மேல்தான் சந்தேகம். அன்றைக்கே வீட்டுக்கு வந்து கணக்குத் தொடங்கினேன்.

முதலில் மணல்தொட்டியில் எழுதிப் பழகச் சொன்னார்கள். பேரன் பேத்தி எடுத்தவனை மணலில் விளையாடச் சொல்கிறார்களே என்று நினைத்தாலும் விளையாடினேன். எழுதி முடித்துச் சமர்ப்பித்தேன். சரிபார்க்க ஒருவர் வந்தார். ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன வயது, எதுவும் தெரியாது. ஒரு பறவையின் பெயரைப் புனைபெயராக வைத்திருந்தார். பறவையார் என்றே வைத்துக்கொள்வோம். “வணக்கம், தங்கள் பங்களிப்புக்கு நன்றி” என்று தொடங்கினார். நான் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். நன்றியில் தொடங்கும் கடிதம் எதில் முடியும் என்று எனக்குத் தெரியாதா? முடிவில் ஒரு சிரித்த முகம் வேறு. எங்கள் காலத்தில் மனுவைத் திருப்பி அனுப்புவோம், இல்லையென்று சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே திருப்பியதில்லை.

பொருள் குறிப்பிடத்தக்கதுதான் என்பதற்குச் சான்று வேண்டும் என்றார். ஐயா, துப்பாக்கிகூட அப்படியே தெரிகிறது, வந்து பாருங்கள் என்று எழுதினேன். நீங்கள் பார்த்தது சான்றாகாது, அது சொந்த ஆய்வு என்றார். சரி என்று ஜெனிஃபர் ஹவ்ஸ் 2003இல் வெளியிட்ட புத்தகத்தைத் தேடிப் பிடித்தேன். தென்னிந்திய அரண்மனைகளைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம், ராமலிங்க விலாசத்து ஓவியங்களை அதில் விரிவாகவே எழுதியிருக்கிறார். கட்டுரை ஒரே மூலத்தைச் சார்ந்திருக்கிறது, வேறு மூலங்களும் தேவை என்றார். அப்போதுதான் ஒரு நாளிதழின் பழைய செய்தி அகப்பட்டது. தலைப்பு வரியிலேயே “ஆயிரம் ஆண்டுப் பழமையான அரண்மனை ஓவியங்கள்”.

நம் செய்தியாளர்களுக்கு ஆயிரத்துக்குக் கீழே எண் வராது. பழையது என்றால் ஆயிரம், ரொம்பப் பழையது என்றால் ஈராயிரம், பாசி பிடித்திருந்தால் பல்லவர், தூண் இருந்தால் சோழர். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் ராஜேந்திர சோழனின் படை கங்கைக்குப் போனது. துப்பாக்கி அப்போதே ராமநாதபுரத்தில் இருந்தது என்றால், அவ்வளவு தூரம் போகிறவர்கள் இங்கே வந்து நாலு வாங்கிக்கொண்டு போயிருக்க மாட்டார்களா? அந்தச் செய்தியை இணைக்காமல் விட்டேன். பறவையார் தாமே தேடிக் கண்டுபிடித்து இணைத்தார். நாளிதழ் நம்பகமான மூலமாம்.

இதற்கப்புறம் எனக்குத் தூக்கம் போய்விட்டது. மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு, பறவையார் கையில் தமிழ் இலக்கியம் முழுவதையும் கொடுத்துப் பார்த்தேன்.

முதலில் தொல்காப்பியர் வருகிறார். மனிதர் நூற்பாவுக்கு நூற்பா ‘புலவர்கள் இப்படிச் சொல்வார்கள்’ என்று முடிக்கிறவர். எந்தப் புலவர், எந்த நூல், பக்க எண் என்ன? ஒன்றும் இல்லை. திருப்பி அனுப்பு. அடுத்தது கபிலர், பொருள் வள்ளல் பாரி. பாரியிடம் பரிசு வாங்கியிருக்கிறார், பாரியின் பெண்களுக்கு மாப்பிள்ளை தேடி ராஜா ராஜாவாக ஏறி இறங்கியிருக்கிறார். குடும்ப நண்பர் எழுதியதை எப்படி நம்புவது? நலன் முரண். முல்லைக்குத் தேர் கொடுத்ததை நேரில் பார்த்த சுதந்திரமான மூன்றாம் தரப்பு யாராவது உண்டா? முல்லை சாட்சி சொல்லாது.

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டு வருகிறது. யாருடைய பெருமை? ராஜராஜனுடையது. வெட்டச் சொன்னது யார்? ராஜராஜன். வெட்டிய இடம்? ராஜராஜன் கட்டிய கோயில். தாமே வெளியிட்ட மூலம் என்று ஒரு பட்டை, விளம்பர நடையில் உள்ளது என்று இன்னொரு பட்டை. மெய்க்கீர்த்தியில் பெருமை பேசும் அடியை எல்லாம் எடுத்துவிட்டால் ஆண்டு எண் மட்டும் மிஞ்சும், அதற்கும் இணைப்பு வேலை செய்யாது.

ஔவையார் ஒருவரா, இருவரா, நால்வரா? பக்கவழி நெறிப்படுத்தல் பக்கம் போட்டு, எந்த ஔவை என்று வாசகரைத் தேர்ந்தெடுக்கச் சொல். அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கியவரும் முருகனிடம் நாவற்பழம் வாங்கியவரும் ஒருவரே என்று யாராவது எழுதினால், இரண்டு பழத்தையும் சேர்த்துப் புது முடிவுக்கு வந்ததாக எச்சரிக்கை கொடு. திருவள்ளுவர்? பிறந்த ஊர் சான்று தேவை, பிறந்த நாள் சான்று தேவை, மனைவி பெயர் சான்று தேவை. முகமாவது இருக்கிறதே என்றால் அது வேணுகோபால் சர்மா வரைந்தது, காப்புரிமை என்ன ஆயிற்று என்று கேள். சேக்கிழார் அறுபத்துமூன்று பேரைப் பற்றி எழுதியிருக்கிறார், ஒருவருக்காவது பிறந்த தேதி உண்டா? தலபுராணங்களைச் சொல்லவே வேண்டாம். மொத்தமாகக் கட்டித் தூக்கிப் போட ஒரு பொத்தான் இருக்கிறதாம்.

நமக்கு முன்னால் கலைக்களஞ்சியம் செய்தவர்கள் கதியையும் பார்த்துவிட்டேன். சிங்காரவேலு முதலியார் ஒற்றை ஆளாகத் தொகுத்த அபிதான சிந்தாமணி 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்து வெளியீடாக வந்தது. புராணத்து ராஜாவும் பூண்டு வகையும் அதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அடிக்குறிப்பு? பறவையார் முதல் பக்கத்திலேயே மூர்ச்சையாவார். பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதி கொண்டுவந்தார்களே, அந்தக் கட்டுரையாளர்கள் சொந்தப் பெயரில் எழுதினார்கள். சொந்தப் பெயரா? பறவையாருக்கு அதுவே சந்தேகத்துக்கு இடம் தரும்.

உ.வே.சா. ஒருவராவது தேறுவார் என்று நம்பினேன். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தவர். ஏடு யார் வீட்டில் கிடைத்தது, எந்த ஏட்டில் எந்தப் பாடம் என்று குறித்து வைக்கிற மனிதர். அவரிடம் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? விடிகிற நேரத்தில் தோன்றிவிட்டது. ஓலைச்சுவடி முதல்நிலை மூலம். அதைப் படித்து அவரே முடிவு சொல்கிறார். வணக்கம், தங்கள் பங்களிப்புக்கு நன்றி, சிரித்த முகம்.

கீழே வந்து காபி குடித்த பிறகும் ஆறவில்லை. தஞ்சாவூரில் கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில் நாயக்கர் காலத்து ஓவியம் உரிந்த இடத்தில் அடியில் சோழர் ஓவியம் தெரிந்தது. 1931இல் அதைக் கண்டு சொன்னவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி. எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் பார்த்தார்? சுவரில் பார்த்தார். இன்றைக்கு அதைப் பற்றி இருக்கிற அத்தனை புத்தகமும் அவர் பார்த்த பிறகு வந்தவைதான். எவனோ ஒருவன் இருட்டில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்ததால்தான் மற்றவர்கள் உட்கார்ந்து மேற்கோள் காட்ட முடிகிறது. இதைப் பறவையாருக்கு எழுதினேன். நல்ல தகவல், கோவிந்தசாமி பற்றிச் சான்றுடன் தனிக் கட்டுரை தொடங்குங்கள் என்று பதில் வந்தது.

சான்று கேட்கும் அந்த விதியே வேண்டாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. விதி இல்லாமல் நம்மவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். பொழுது விடிவதற்குள் தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஊரிலும் உலகின் முதல் கோயில் ஒன்று எழும்பியிருக்கும், எல்லாவற்றையும் யுனெஸ்கோ அறிவித்திருக்கும். எங்கள் தெருவில் ஒருவர் தம் தாத்தா பற்றிக் கட்டுரை எழுதத் தயாராக இருக்கிறார். தாத்தா செய்த சாதனை இந்த மனிதரைப் பேரனாகப் பெற்றது என்பது தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

எப்படியோ நேற்று ஏற்றுக்கொண்டார்கள். ஓடிப்போய்ப் படித்தேன். முதல் பத்தியில் இப்படி இருந்தது: “இவ்வோவியங்கள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்றும், ஆயிரம் ஆண்டுப் பழமையானவை என்றும் கருத்துகள் உள்ளன.” இரண்டுக்கும் பக்கத்தில் ஆளுக்கு ஒரு சின்ன எண். நடுநிலையாம். இரண்டாம் பத்தியில் துப்பாக்கி அப்படியே இருந்தது, ஹவ்ஸ் புண்ணியத்தில். துப்பாக்கி இருப்பதால் ஆயிரம் ஆண்டு இருக்க முடியாது என்று நான் எழுதிய வரியை மட்டும் காணோம். கேட்டேன். இரண்டு தகவலையும் சேர்த்து நீங்களாக ஒரு முடிவுக்கு வருகிறீர்கள், வாசகர் தாமே முடிவு செய்யட்டும் என்றார் பறவையார்.

வாசகர் செய்துவிட்டார். காலையில் மைத்துனன் போன் பண்ணினான். “மச்சான், ஆயிரம் வருஷமாமே! நீங்க என்னமோ முந்நூறுன்னு குறைச்சுச் சொன்னீங்க?” துப்பாக்கியைப் பற்றிக் கேட்டேன். “அந்தக் காலத்துலயே தமிழன்கிட்ட துப்பாக்கி இருந்திருக்கு பாத்தீங்களா!” என்றான். அவனுடைய வாட்ஸ்ஆப் குழுக்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும். வயிற்றைக் கலக்கிவிட்டது.

சரி, சுலபமான வழி. அதற்கு வருவதற்குள் இன்னொன்று, இதுவும் புதியவர்களுக்குத் தெரிய வேண்டியதுதான். எங்கள் தெருமுனைப் பள்ளிச் சுவரில் ஓர் ஓவியர் அப்துல் கலாமை வரைந்திருக்கிறார். ராமேசுவரத்துக் கடல், படகு, பேப்பர் போடும் பையன், மேலே ராக்கெட். அருமையான வேலை. அடுத்த கட்டுரை அதைப் பற்றித்தான் என்று முடிவு பண்ணிப் படமும் எடுத்துவிட்டேன். போட முடியாதாம். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையைப் படம் எடுத்து யாரும் வெளியிடலாம். சுவரில் வரைந்த ஓவியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. ஓவியர் காலமாகி அறுபது ஆண்டு ஆக வேண்டும். அவருக்கு இப்போது முப்பது வயதுகூட இருக்காது. அதே கலாமைச் சிமெண்டில் செய்து வைத்திருந்தால் இன்றைக்கே போட்டிருக்கலாம். இதை அவரிடம் சொன்னதற்கு, “அப்ப சிலைக்கு ஆர்டர் வாங்கிக் குடுங்க சார்” என்றார்.

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இப்போதே போடலாம் என்று சட்டம் தெரிந்த ஒருவர் சொன்னார். ஓவியர் தயார்தான். ஆனால் படம் மட்டும் இருந்து என்ன செய்ய? அந்தச் சுவரைப் பற்றி நாளிதழில் செய்தி இல்லை, புத்தகத்தில் ஒரு வரி இல்லை. ஆகவே இதைப் படிக்கிற எழுத்தாளர்கள் யாராவது பள்ளிச் சுவர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினால் தேவலை. சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. ஐ.எஸ்.பி.என். இருக்கட்டும், பக்க எண் போட மறக்காதீர்கள். ஓவியம் ஆயிரம் ஆண்டுப் பழமையானது என்று மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.