டேப் சார்

சென்னையில் இருபது வீட்டுக்கு மேல் உள்ள எந்த அடுக்ககத்திலும் ஒரு டேப் சார் இருப்பார். ரிட்டையர் ஆனவர், பெரும்பாலும் பேங்க், இல்லாவிட்டால் எல்.ஐ.சி. அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா, இடது கக்கத்தில் தோல் உறை போட்ட பதினொரு அங்குல டேப்லெட். லிஃப்டுக்குக் காத்திருக்கும் அரை நிமிடத்தில் அதைத் திறப்பார். எதையோ இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார். "ம்" என்று சொல்லி மூடிவிடுவார். வாசல் பலகையில் அவருக்கு வேறு பெயர் உண்டு. கீழே கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் வைத்த பெயர்தான் நிலைத்தது.

அவராகப் போய் அதை வாங்கியதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த மகன் வாங்கிக் கொடுத்தது. "அப்பா, உங்களுக்கு லேப்டாப் எதுக்கு? பேப்பர் படிக்கப் போறீங்க, யூடியூப் பார்க்கப் போறீங்க, எங்களோட வீடியோ கால் பேசப் போறீங்க. லைட் யூஸ்தானே? டேப் போதும்." மகன் இதைச் சொன்னது ஒரே முறை, அதுவும் பெட்டிக்குப் பூட்டுத் தேடிக்கொண்டே. அப்பா அதைக் கொள்கையாக்கிக்கொண்டார். அன்றிலிருந்து லேப்டாப் வைத்திருக்கிறவரை அவர் பார்க்கும் பார்வையில், கேஸ் அடுப்பு வந்த பிறகும் விறகு பொறுக்குகிறவரைப் பார்க்கும் இரக்கம் தெரியும்.

நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆரம்ப மாதங்களில் மகன் சொன்னது அத்தனையும் சரியாகத்தான் இருந்தது. சாய்வு நாற்காலியில் கால் நீட்டியபடி நான்கு நாளிதழ். எழுத்து பொடியா, விரலை விரித்தால் பெரிதாகும். கண்புரை அறுவைக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதருக்கு இது சின்ன விஷயமில்லை. விசிறிச் சத்தம் இல்லை, மடி சுடுவதில்லை, கரண்ட் போனாலும் கவலையில்லை. அந்தப் பக்கம் பேத்தி ஒரு படம் வரைந்து அனுப்புவாள். இந்தப் பக்கம் தாத்தா அதற்கு விரலாலேயே மீசை வைத்துத் திருப்பி அனுப்புவார். நவம்பர் வந்தால் பேங்க் வாசலில் நின்று கொடுக்க வேண்டியிருந்த லைஃப் சர்டிஃபிகேட்டை, கேமராவுக்கு முகத்தைக் காட்டியே கொடுக்கலாம் என்று 2021-இல் ஆனதும், தாம் உயிரோடிருப்பதை அந்தச் சாய்வு நாற்காலியிலிருந்தே அரசாங்கத்துக்கு நிரூபித்துவிட்டார். வெறுமனே படிக்க, பார்க்க, பேச என்றால் டேப்லெட்டுக்கு ஈடில்லை என்பதில் எனக்கு மறுப்பே கிடையாது.

கல்யாணங்களில் மட்டும் அதை எடுக்கவிடாமல் சட்டம் போட வேண்டும். கெட்டிமேளம் கொட்டும்போது மூன்றாவது வரிசையிலிருந்து அந்தப் பலகை இரண்டு கைகளிலும் ஏறி நிற்கும். பின்னால் உள்ள எட்டு வரிசைக்கும் மணமேடை மறைந்து போகும். அவர்கள் தாலி கட்டுவதைப் பார்ப்பது டேப் சாரின் திரையில்தான். அதிலும் மாப்பிள்ளைக்குக் கழுத்துக்கு மேல் ஒன்றும் இருக்காது. பிற்பாடு ஆல்பம் வந்தால், போட்டோகிராஃபர் எடுத்த முக்கியமான படத்தில் ஒரு கறுப்புச் செவ்வகமும் அதைப் பிடித்த பத்து விரல்களும் துல்லியமாக விழுந்திருக்கும்.

விவகாரம் தொடங்கியது சங்கத் தேர்தலில். ரிட்டையர்டு பேங்க் அதிகாரி ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பதை எந்தக் குடியிருப்போர் சங்கமும் பொறுத்துக்கொள்ளாது. அவர் மாத்திரை வாங்கப் போயிருந்த நேரத்தில் போட்டியின்றிப் பொருளாளர் ஆக்கிவிட்டோம். படிக்கவும் பார்க்கவும் வாங்கிய பொருளின் முன்னால் இப்போது இருபத்து நான்கு வீடு, பன்னிரண்டு மாதம், தண்ணீர் லாரி, லிஃப்ட் ஏ.எம்.சி., வாட்ச்மேன் சம்பளம், கார்ப்பஸ் ஃபண்ட். எக்செல்லில் ஒரு கட்டத்தைத் தொட்டால் அடியிலிருந்து கீபோர்டு எழும்பி வந்து பாதித் திரையை விழுங்கும். மிச்சப் பாதியில் 'ஏ' பிளாக் தெரிந்தால் 'பி' பிளாக் தெரியாது. விரல் கொஞ்சம் அழுந்தினால் ஒரு வரிசையே பெயர்ந்து வேறிடத்தில் போய் உட்காரும். ஒரு மாதம் மூன்றாவது மாடிக்காரர் சங்கத்துக்குத் தர வேண்டிய பாக்கி முழுவதும் வாட்ச்மேன் பெயரில் ஏறியிருந்தது. வாட்ச்மேன் பதறிப்போய் ஓடி வந்தார். மூன்றாவது மாடிக்காரர் ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை.

மகன் மேல் தப்பில்லை. ஓய்வு பெற்ற அப்பாவுக்குப் பொருத்தமான சாமானைத்தான் வாங்கினான். அப்பாவை ஓய்வு பெற நாங்கள் விடவில்லை. கடைக்காரன் "என்ன யூஸுக்கு சார்?" என்று கேட்கும்போது நாம் சொல்வது நம் ஆசையை. அடுத்த வருஷம் அக்கம்பக்கத்தார் நம் தலையில் என்ன கட்டப்போகிறார்கள் என்று எந்தக் கடைக்காரனும் கேட்பதில்லை.

டைப் அடிப்பது சிரமம் என்றானதும், வாயால் சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளும் வசதியை டேப் சார் கண்டுபிடித்தார். தமிழில் அது 2017-லேயே வந்துவிட்டது. எங்கள் அடுக்ககத்துக்குத்தான் தாமதமாக வந்தது. சமையலறைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் சொல்லி முடித்து, கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிய முதல் சுற்றறிக்கை இது:

"அன்பார்ந்த குடியிருப்போருக்கு வணக்கம் மேல்நிலைத் தொட்டி சுத்தம் செய்யப்படுவதால் ஞாயிறு காலை தண்ணீர் வராது முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளவும் மூணு விசில் வந்தா நிறுத்தச் சொன்னேனே காதுல விழலையா ஒத்துழைப்புக்கு நன்றி இப்படிக்கு பொருளாளர்."

எல்லா வீட்டிலிருந்தும் கட்டைவிரல் வந்தது. 'பி' பிளாக்கிலிருந்து ஒருவர், அந்த மூன்று விசிலை மோட்டார் ரூமில் கொடுப்பார்களா, கேட்டிலா என்று விளக்கம் கேட்டார். அதற்குப் பிறகு சுற்றறிக்கை எழுத வேண்டுமானால் டேப் சார் கீழே வந்து, காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பேசினார். புதிதாகக் குடிவந்தவர்கள் தூரத்திலிருந்து பார்த்து, பாவம், வீட்டில் ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு லேப்டாப் வாங்கியிருப்பார்கள். டேப் சார் ரிச்சி தெருவுக்குப் போனார். மவுண்ட் ரோட்டை ஒட்டி ரிச்சி தெருவும் நரசிங்கபுரம் தெருவும் மீரான் சாகிபு தெருவும் பின்னிக்கிடக்கிற அந்த எலெக்ட்ரானிக்ஸ் காட்டில், இல்லை என்று சொல்லத் தெரிந்த கடை கிடையாது. முதலில் ஒரு புளூடூத் கீபோர்டு வந்தது. கீபோர்டு வந்ததும் டேப் சாய்ந்து விழுந்தது, ஆகவே ஸ்டாண்டு. கையைத் தூக்கித் தூக்கித் திரையைத் தொட்டதில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது, ஆகவே மவுஸ். பென் டிரைவ் செருக வழியில்லை, ஆகவே ஹப். ஹப்பில் எல்லாம் செருகியதும் சார்ஜ் மளமளவென்று இறங்கியது. ஆகவே பவர் பேங்க். இத்தனையையும் வைக்க ஒரு பை. கக்கத்தில் இருந்த பெருமை தோளுக்கு ஏறியது. தோள் ஒரு பக்கமாக இறங்கியது. கடைப்பையன்கள் தூரத்திலேயே பார்த்துவிட்டு, "வாங்க சார், இன்னைக்கு எது?" என்று கேட்கிற அளவுக்கு நெருக்கமாகிவிட்டார்.

நாம் சிரிக்கலாம். ஆனால் இந்தச் சாமான்களைச் செய்கிற பெரிய கம்பெனிகளே டேப் சார் போன வழியில்தான் போயிருக்கின்றன. 2007-இல் ஐபோனை அறிமுகம் செய்த மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ், விரல் இருக்கும்போது எழுதுகோல் யாருக்கு வேண்டும் என்று கேலி செய்தார். 2010 ஜனவரியில் ஐபேடைக் காட்டியபோது மேடையில் சோபா போட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்; மகன் சொன்ன அதே லைட் யூஸ். 2015-இல் அந்த ஐபேடுக்குப் பென்சிலும் வந்தது, கீபோர்டும் வந்தது. 2020-இல் மவுஸ் அம்பும் வந்தது. அந்த வருஷத்து 12.9 அங்குல ஐபேட் புரோவையும் அதற்கென்றே செய்த மேஜிக் கீபோர்டையும் சேர்த்துத் தராசில் வைத்தால் சுமார் 1.35 கிலோ, அதே வருஷத்து மேக்புக் ஏர் லேப்டாப் 1.29 கிலோ. சுமை குறைய வேண்டும் என்று வாங்கியது, சுமை என்று ஒதுக்கியதைவிடக் கனத்தது. 2025-இல் பல ஜன்னல்களைத் திறந்து இங்கும் அங்கும் இழுத்துப் போடுகிற வசதியும் மேலே ஒரு மெனு பட்டையும் வந்து சேர்ந்தன. இவ்வளவுக்கும் நடுவில், கம்பெனியே தருகிற கால்குலேட்டர் ஐபேடில் 2024 வரைக்கும் கிடையாது என்பதைப் பொருளாளர்கள் கவனிக்க வேண்டும். டேப் சாருடையது ஆண்ட்ராய்டு. அதில் கால்குலேட்டர் முதல் நாளிலிருந்தே இருந்தது, கணக்குதான் வரவில்லை.

மறுகரையிலும் இதே கூத்து. 2012-இல் மைக்ரோசாஃப்ட், கம்ப்யூட்டரை எல்லாம் டேப்லெட் ஆக்குகிறேன் என்று விண்டோஸ் 8-இல் ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டது. உலகம் முழுக்க ஆபீஸ்களில் பட்டனைக் காணோம் என்று கூச்சல். மறு வருஷமே திருப்பி வைத்தார்கள். எங்கள் எதிர்வீட்டு ஐ.டி. பையனிடம் திரையைப் பின்பக்கமாக முழுவதும் மடக்கிக் கூடாரம் மாதிரி நிறுத்தி வைக்கிற லேப்டாப் இருக்கிறது. அதற்காகவே கூடுதலாகக் கொடுத்து வாங்கினானாம். கூடாரம் போட்டது ஒரே தடவை, கடையில்.

ஹப்பாலும் தீராத வேலைகள் உண்டு. ஆடிட்டர் கொடுத்த டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை டேப்பில் செருகினால் அதன் விளக்கு அழகாக எரியும். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. அதற்கான மென்பொருள் கம்ப்யூட்டருக்கென்று எழுதியது. ஆகவே மாலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு அழைப்புமணி அடிக்கும்.

"சார், உங்க லேப்டாப் ஒரு அஞ்சு நிமிஷம்..."

சாப்பாட்டு மேசையில் உட்காருவார். எங்கள் லேப்டாப்பைத் திறந்த கையோடு அதன் குறைகளைச் சொல்ல ஆரம்பிப்பார். "ஆன் ஆக எவ்வளவு நேரம் பாருங்க. டேப்புன்னா தொட்டவுடனே." "என்ன சூடு சார் இது, அப்பளம் பொரிக்கலாம் போலிருக்கே." 'இ' எழுத்துக் கட்டை போய்விட்டதை வருகிறபோதெல்லாம் புதிதாகக் கண்டுபிடிப்பார். பிறகு பையிலிருந்து டேப்பை எடுத்து, ஸ்டாண்டில் நிறுத்தி, மேட்ச்சைப் போட்டுவிட்டு, லேப்டாப்பில் சங்கக் கணக்கைத் தட்டத் தொடங்குவார். பத்து விரலும் பறக்கும். பேங்கில் முப்பது வருஷம் தட்டிய கை. அந்த நேரத்தில் பார்க்க மரியாதையாகத்தான் இருக்கும். ஒன்பது மணிக்குக் காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்திருக்கும்போது சொல்வார்: "உங்க லேப்டாப்புல ரெண்டு வேலைய ஒண்ணா பாக்க முடியல சார். அதான் மேட்ச்சுக்கு டேப் தேவைப்படுது."

எங்கள் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் எதிர்வீடு. அதுவும் பூட்டியிருந்தால் வாட்ச்மேன் மகள். 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பிளஸ் டூ படிக்கும்போது வாங்கிய லேப்டாப் அவளிடம் இருந்தது. மூடியில் முதலமைச்சர் படத்தோடு. கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு டேப் சார் தொகையைச் சொல்லச் சொல்ல அவள் அடிப்பாள். அவள் அடித்த மாதங்களில் மூன்றாவது மாடிப் பாக்கி சரியான இடத்தில் இருந்தது.

2025 மார்ச்சில் தமிழக நிதிநிலை அறிக்கையில், இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு அவரவர் விருப்பப்படி கைக்கணினியோ மடிக்கணினியோ தரப்படும் என்று அறிவிப்பு வந்தது. அன்று டேப் சார் லிஃப்ட் வேண்டாம் என்று படியிறங்கி வீடு வீடாக வந்தார். "பாத்தீங்களா, கவர்மென்ட்டே ஒத்துக்கிச்சு. எதை முதல்ல சொல்லியிருக்காங்க? கைக்கணினி!" சில மாதங்கள் கழித்து அரசு நிறுவனமான எல்காட் டெண்டர் விட்டது லேப்டாப்புக்கு. அதைச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. அவராகவே சொன்னார்: "டெண்டர்னாலே உள்ள ஏதாவது இருக்கும் சார்."

போன பொதுக்குழுவில் எதிர்வீட்டுப் பையன் எழுந்து, சங்கத்துக்கென்று ஒரு லேப்டாப் வாங்கலாம் என்றான். எல்லாரும் பொருளாளரைப் பார்த்தோம். அவர் டேப்பைத் திறந்து எதையோ பெரிதாக்கிப் பார்த்தார். சங்கத்துக்கு அப்படி ஒரு தேவை இருப்பதாகத் தமக்குத் தோன்றவில்லை என்றார். ஆனால் பெரும்பான்மை விரும்பினால் தாம் குறுக்கே நிற்கப்போவதில்லை. வாங்குவதானால் பதினைந்து புள்ளி ஆறு அங்குலமாக இருக்கட்டும், நம்பர் கட்டைகள் தனியாக இருக்க வேண்டும், எஸ்.எஸ்.டி. ஐந்நூற்றுப் பன்னிரண்டுக்குக் குறையக் கூடாது. மாடல் எண்ணைக்கூடச் சொன்னார். பாதுகாப்பை உத்தேசித்து அதைப் பொருளாளர் வீட்டிலேயே வைக்கலாம் என்று தீர்மானத்தின் கடைசியில் அவரே ஒரு வரி சேர்த்தார். கை தூக்கியதில் முதல் கை அவருடையது.

வருஷக் கணக்கைத் தணிக்கை செய்யும்போது ஆடிட்டர் ஒரு வரியில் பேனாவை நிறுத்தினார். 'டேப்லெட் துணைக்கருவி – 1. ரூ.41,300, 18 சதவீத ஜி.எஸ்.டி. உட்பட.'

"என்ன சார் இது? துணைக்கருவிக்கு இவ்வளவா?"

"கீபோர்டு சார்" என்றார் டேப் சார். "கொஞ்சம் பெரிய சைஸ். ஸ்கிரீனோட வருது."