குதிரைப் புத்தகமும் கோணல் கணக்கும்

ஹூஸ்டன்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

"பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் பேத்திக்குக் குதிரைப் படம் காட்டி ஒப்பேற்றுகிறீர்களாமே" என்று கேட்டிருந்தீர்கள். படம் காட்டுவது உண்மை. பால் கோபிள் எழுதி வரைந்த, காட்டுக் குதிரைகளோடு போய்விடும் சிறுமியின் கதை. 1979-இல் கால்டிகாட் பரிசு வாங்கியது. ஒப்பேற்றுவதாகச் சொல்வதைத்தான் மறுக்கிறேன். ஒரே படப் புத்தகத்தைத் தொடர்ந்து ஐந்து நாள் வாசித்து, நாளுக்கொரு பாடம் எடுப்பது இங்கே பலர் கைக்கொள்ளும் முறை. பத்துப் புத்தகத்தை மேய்வதைவிட ஒன்றைச் சந்தேகப்பட்டுப் படிப்பது மேல் என்பது என் கட்சி. உதாரணத்துக்கு ஒரு சந்தேகம்: ஓடும் குதிரையின் நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விடுமா? 1878-இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் வரிசையாகக் கேமராக்களை வைத்துப் படமெடுத்துக் காட்டினார்: விடும். ஆனால் ஓவியர்கள் காலங்காலமாக வரைந்ததுபோல முன்னும் பின்னும் நீட்டியபடி அல்ல, வயிற்றுக்கடியில் மடக்கியபடி. இதைப் பார்த்த பிள்ளை அடுத்து எந்தப் புத்தகத்துக் குதிரையையும் சும்மா விடாது.

கணக்குக்கு வருகிறேன். நிலாவுக்கு ஆள் அனுப்பிய இந்த ஊரில் குதிரையை இன்னும் கையால்தான் அளக்கிறார்கள். ஒரு கை 4 அங்குலம். 14.2 என்றால் 14 கை 2 அங்குலம், அதாவது பதினாலரை. 14.3-க்கு அடுத்தது 15. 14.4 என்றொரு குதிரை உலகத்திலேயே கிடையாது. 14.2 வரை மட்டக்குதிரை, அதற்குமேல் அரை அங்குலம் போனாலும் முழுக்குதிரை. தசமத்தைக் கெடுக்கிறாயே என்பீர்கள். டிவியில் 14.5 ஓவருக்கு அடுத்த பந்தில் 15 வருகிறதே, அதைப் பார்த்து நம் வீட்டில் யாருக்குத் தசமம் கெட்டது? புள்ளிக்குப் பின்னால் எப்போதும் பத்துதான் இருக்கும் என்று நம்பாத பிள்ளை கணக்கில் தேறிவிடும்.

பரீட்சை? டெக்சாஸில் வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நற்குடிமை ஆகியவற்றை வீட்டில் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் போதும். அரசுத் தேர்வு கிடையாது. மார்க் ஷீட் இல்லாத படிப்பு உங்களுக்கு உறுத்தும். எனக்கு உறுத்துவது வேறு. விளையாடவே முன்கூட்டி நேரம் கேட்டு வாங்க வேண்டிய ஊர் இது. தெருவில் இறங்கினால் கிடைக்கும் சேக்காளிகளை எந்தப் பாடத்திட்டமும் தராது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒரு வேலை பாக்கி. நம் ஐயனார் கோயில் மண் குதிரை எத்தனை கை என்று இங்குள்ள எந்தப் புத்தகத்திலும் இல்லை. டேப் வைத்து அளந்து அனுப்புங்கள். தலை உச்சிவரை போக வேண்டாம், கழுத்தும் முதுகும் சேரும் மேட்டோடு நிறுத்துங்கள். அங்குலத்தில் போதும், மீதியைப் பேத்தி பார்த்துக்கொள்வாள்.